சத்தியம் பண்ணாத முட்டை

போகாதீங்க அக்கா, உட்காருங்க. கதவைத் தட்டாதீங்க. கை கழுவப் போன பிள்ளை அரை மணி நேரம் ஆனாலும் தானே வரட்டும். நீங்க போய்த் தட்டினால் எத்தனாவது தடவை கழுவினோம் என்று கணக்கு விட்டுப்போய்த் திரும்பவும் முதலில் இருந்து ஆரம்பிப்பாள். எனக்குத் தெரியாததா? எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவை நான் தட்டின தட்டில் தாழ்ப்பாளே கழன்று கையோடு வந்துவிட்டது.

பயப்படாதீங்க. முதல் தடவை இந்த பெஞ்சில் உட்காருகிற எல்லார் மூஞ்சியும் இப்படித்தான் இருக்கும், புளித்த மோரைக் குடித்த மாதிரி. நான் ஒன்பது மாதமாக வருகிறேன். எந்தக் குழாயில் தண்ணீர் வரும், எந்த நர்ஸ் சிரிப்பார், கேன்டீனில் எத்தனை மணிக்கு வடை சூடாக இருக்கும், எல்லாம் அத்துப்படி. உங்க டோக்கன் முப்பத்தொன்றா? அப்படியென்றால் மதியம் தாண்டிவிடும். எனக்கு இருபத்தாறு. இப்போதுதான் பதினேழு உள்ளே போயிருக்கிறது. பேசிக்கொண்டிருக்கலாம்.

நோயாளி நான் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் நாத்தனாருக்குத்தான். வீட்டுக்காரரின் ஒரே தங்கை, மோகனப்பிரியா. போன மாதம்தான் இருபது முடிந்தது. இப்போது கீழே கேன்டீனில் அவள் அண்ணனோடும் என் மகளோடும் உட்கார்ந்திருக்கிறாள். கேன்டீனில்! ஒன்பது மாதத்துக்கு முன்னால் இதை யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

என் பெயர் கோகிலவாணி. நாமக்கல் பக்கம் எங்களுக்குக் கோழிப்பண்ணை. நான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரைக்கும்தான். ஆனால் எதற்கும் மூக்கைப் பொத்துகிறவள் இல்லை. செத்த கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கிக் குழியில் எறிந்துவிட்டு வந்து, கையைக் கழுவி, அதே கையால் சோறு பிசைந்து பிள்ளைக்கு ஊட்டுகிறவள். என் மகள் தன்ஷிகா, தன்ஷு என்போம், மூன்றரை வயது. அவளுக்குப் பேதியானபோது மடியிலேயே போவாள். நான் ஒரு கையால் துடைத்துக்கொண்டு மறு கையால் இட்லி தின்றிருக்கிறேன். முகத்தைச் சுளிக்காதீங்க அக்கா, நீங்களும் பெற்றவள்தானே. பிள்ளை பெற்றவளுக்கு என்ன அருவருப்பு என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த மோகனா வந்துதான் எனக்கு அருவருப்பு என்றால் என்னவென்று கற்றுக்கொடுத்தாள்.

சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிக் காலேஜ் படித்தாள். இரண்டாம் வருஷ லீவுக்கு வந்தபோது பாதியாக வந்தாள். என்ன அம்மிணி இப்படி இளைத்துவிட்டாய் என்று அத்தை கேட்டதற்கு, விரதம்மா என்றாள். செவ்வாய் விரதம். வெள்ளி விரதம். சஷ்டி, கிருத்திகை, அமாவாசை. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் மிச்சம். ஞாயிறு எங்கள் வீட்டில் கறி. கறி ஆக்கின வீட்டில் சாப்பிட மாட்டேன் என்று அன்றைக்கும் பட்டினி.

எங்கள் அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. "எம்புள்ளைக்குச் சாமி கண்ணைத் தொறந்து உட்டிருச்சு" என்று தெருவெல்லாம் சொல்லி வந்தார். காலையில் இரண்டு மணி நேரம் குளியல், ஈரத்துணியோடு பூசை அறை. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து மோகனா கையால் திருநீறு வாங்கிப் போனாள் என்றால் பாருங்க. பிள்ளையைத் தொட்ட விரலை அன்றைக்கு அவள் தேய்த்த தேய்ப்பில் தோல் உரிந்தது. அதையும் பக்தி என்றார்கள்.

நான் ஒருத்திதான் வேறு மாதிரிப் பார்த்தேன். ஏனென்றால் வடித்த சோற்றைக் குழாயடிக்குக் கொண்டுபோய் அவள் கழுவினதை நான் என் கண்ணால் பார்த்தேன். அரிசியை இல்லை அக்கா, சோற்றை. வெந்த சோற்றைச் சல்லடையில் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, பருக்கை பருக்கையாக. வெள்ளை வெள்ளையாகத் தண்ணீரில் ஊறி, ஏதோ புழுவை அலசுகிற மாதிரி. எனக்கு அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

"என்னத்துக்கு மோகனா இது?"

"எண்ணெய் பட்டிருக்கும் அண்ணி."

"சோத்துல ஏது எண்ணெய்?"

"கரண்டியில இருந்திருக்கும். வெளியில கையில பட்ட எண்ணெயே சோப்புப் போட்டாலும் போக மாட்டேங்குது. உள்ள போயிட்டா எதைப் போட்டுக் கழுவறது?"

பாருங்க, அதுதான் அவள் நோய் முழுக்க. பெனடிக்டா மேடம் என்று உள்ளே இருக்கிறாரே, நீங்களும் பார்க்கப்போகிற மேடம், அவரிடம் இதைச் சொன்னபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "திரும்பச் சொல்லுங்க" என்றார். அழுக்கும் கொழுப்பும் அவளுக்கு ஒன்று. உடம்பில் சதை பிடித்தால் அழுக்கு ஒட்டிக்கொண்ட மாதிரி. இரண்டு நோய் ஒன்றோடு ஒன்று கை கோத்துக்கொண்டு நிற்கிறது, ஒன்றை மட்டும் இழுத்தால் வராது என்று மேடம் சொல்வார்.

நாங்கள் ஒவ்வொன்றாக இழுத்துத்தானே பார்த்தோம். முதலில் டவுனில் ஒரு டாக்டர். கை கழுவுகிறதற்கு மாத்திரை கொடுத்தார். சாப்பிட்ட பிறகு போடச் சொன்னார். இவள் சாப்பிட்டால்தானே? அப்புறம் சத்துணவு சொல்கிற ஒரு அம்மா. காலைக்கு இத்தனை கிராம், மதியத்துக்கு இத்தனை கிராம் என்று அட்டை எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான், பண்ணையில் முட்டை நிறுக்கிற தராசை எடுத்துவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். கிராம் ஒன்று கூடினால் எடுத்துவிடு, ஒன்று குறைந்தால் ஆகா. கை கழுவுகிறது ஒரு மணி நேரம் குறைந்தது, சோறு நிறுக்கிறது ஒரு மணி நேரம் கூடினது. பலூனை இந்தப் பக்கம் அமுக்கினால் அந்தப் பக்கம் புடைக்குமே, அது மாதிரி. கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்று ஒரு பெரியப்பா சொன்னார். "எவன் தலையில கட்டறதுங்க, தூக்கிப் பாருங்க, உங்க குடை மாதிரி இருக்கா" என்று நான்தான் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. போகட்டும்.

வந்துட்டாளா உங்க பொண்ணு? வா கண்ணு, வா. உட்காரு. ஏன் நிற்கிறாள்? ஓ, துண்டு விரிக்கணுமா? அக்கா, நீங்க பையில் துண்டு வைத்துக்கொண்டு அலையாதீங்க. அது தப்பு. மேடம் முதலில் அதைத்தான் பிடுங்கிக்கொள்வார். சரி சரி, இன்றைக்கு ஒரு நாள் விரிங்க. ஜன்னல் பக்கம் போய் நிற்கிறாளா? நிற்கட்டும். நாம் மெதுவாகப் பேசுவோம்.

ஒரு முட்டை அட்டைக் கதை சொல்கிறேன். எங்கள் வீட்டின் பின் அறையில் காலி முட்டை அட்டைகளை அடுக்கி வைத்திருப்போம். ஒரு அட்டைக்கு முப்பது குழி. வீட்டில் ஒரு நாற்றம், எலி செத்த மாதிரி. நான் தேடினேன், அத்தை தேடினார், இல்லை. கடைசியில் அடியில் இருந்த அட்டையை இழுத்தேன். முட்டை இருக்க வேண்டிய குழியில் எல்லாம் சோற்று உருண்டை. குழிக்கு ஒன்று. நான் உருட்டிக் கொடுத்த உருண்டைதான், என் விரல் தடம் கூடப் பதிந்திருந்தது. ஒன்று பச்சை, ஒன்று கறுப்பு, ஒன்றில் மயிர் முளைத்த மாதிரிப் பூஞ்சை. ஒன்று மஞ்சளாக ஒழுகி அட்டையோடு ஒட்டியிருந்தது. உள்ளே நெளிந்தது. நான் ஒவ்வொரு மதியமும் பக்கத்தில் உட்கார்ந்து, கதை சொல்லி, ஆ காட்டு ஆ காட்டு என்று ஊட்டாத குறையாகக் கொடுத்த சோறு. வாயில் போட்டு அடக்கிக்கொண்டு வந்து இங்கே துப்பி, அதை மறுபடி உருண்டை பிடித்து அடுக்கியிருக்கிறாள். ச்சீ என்று நான் அட்டையைப் போட்ட சத்தத்தில் அத்தை ஓடிவந்தார். பார்த்துவிட்டு, "ஆரோ செய்வினை வெச்சுட்டாங்க" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

நான் அழவில்லை. அழுகிற ஆள் இல்லை நான். யோசித்தேன். இவள் சோறு தின்ன மாட்டாள், ரசம் மட்டும் குடிப்பாள். ரசம் தண்ணீர்தானே என்று அவளுக்கு ஒரு நினைப்பு. சரி, ரசத்தில் நெய் போட்டால்?

ஒரு ஸ்பூன். நன்றாகக் கொதிக்கவிட்டு, கொத்தமல்லித் தழையை அள்ளிப் போட்டு மேலே மறைத்து. டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். வாங்குகிறதற்கு முன்னால் கேட்டாள்.

"எண்ணெய், நெய் எதுவும் போடலைல்ல அண்ணி?"

"போடலை."

"தன்ஷு மேல சத்தியமா?"

எனக்கு ஒரு நொடி நெஞ்சில் சுருக்கென்றது. ஆனால் நான் ப்ராக்டிகலான ஆள் அக்கா. சாமிக்குக் கண் இருக்கிறது, நல்லதற்குச் சொல்கிறேன் என்று அதற்குத் தெரியாதா? "தன்ஷு மேல சத்தியமா போடலை" என்றேன். குடித்தாள். மடமடவென்று குடித்தாள். எனக்குச் சந்தோஷம் பொங்கினது.

அப்புறம் அதே பழக்கமாகிவிட்டது. காலையில் ஒரு சத்தியம், மதியம் இரண்டு, சாயங்காலம் பாலுக்கு ஒன்று. பாத்திரம் முட்டை பட்டதில்லையே, தன்ஷு மேல சத்தியம். தட்டைப் புதுசா கழுவினீங்களா, தன்ஷு மேல சத்தியம். கழுவியிருக்க மாட்டேன். ஆறு மாதம். அவள் கன்னத்தில் கொஞ்சம் சதை வந்தது. வீட்டில் எல்லாரும், "கோகிலா ஒருத்தியாலதான் முடியுது" என்றார்கள். ஆமாம், என்னால்தான் முடிந்தது.

பிள்ளை மேல் பொய்ச் சத்தியமா என்று நினைக்கிறீங்க. உங்க கண்ணே சொல்கிறது. அதற்கு நான் வழி செய்திருந்தேன். தினமும் விளக்கு வைத்ததும் தன்ஷுவை வாசலில் நிறுத்தி உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டுவிடுவேன். எத்தனை சத்தியமோ அத்தனைக்கு மூன்று சுற்று. ஐந்து சத்தியம் என்றால் பதினைந்து. ஏழு என்றால் இருபத்தொன்று. நடுவில் யாராவது கூப்பிட்டால் கணக்குக் கலைந்துவிடும், அப்போது முதலில் இருந்து. மிளகாய் கமறினால் ஒன்றுமில்லை, கமறாவிட்டால் மறுபடி ஒரு தடவை. வீட்டுக்காரர் கேலி பண்ணுவார். அதெல்லாம் திருஷ்டி அக்கா, எல்லா வீட்டிலும் செய்கிறதுதானே. அதுவும் இதுவும் ஒன்றா?

மார்கழி மாதம் மாட்டிக்கொண்டேன். ரசத்தைக் கொடுத்தேன், போன் வந்தது என்று வெளியே போய்விட்டாள். திரும்பி வந்து பார்த்தால் டம்ளரில் ரசம் ஆறி, மேலே வெள்ளையாக நெய் உறைந்து ஆடை கட்டியிருக்கிறது. அவள் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரலால் அந்த ஆடையை ஒரு ஓரமாகத் தள்ளிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். பார்த்தபோது அவள் கண்ணில் இருந்தது கோபம் இல்லை அக்கா. பயம்.

"எத்தனை நாளா அண்ணி?"

நான் சிரித்து மழுப்பினேன்.

அதே வாரம் தன்ஷுவுக்குக் காய்ச்சல். அங்கன்வாடியில் எல்லாப் பிள்ளைக்கும்தான் வந்தது. வாந்தி, காய்ச்சல், மூன்று நாள். நான் பிள்ளையோடு கிடந்தேன். மோகனாவைப் பார்க்கவில்லை. நான்காம் நாள் அவள் குளியலறையில் விழுந்து கிடந்தாள். நான்கு நாளாகத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. என் வீட்டுக்காரர் ஒற்றைக் கையால் தூக்கினார். தன்ஷுவைத் தூக்குகிற மாதிரி. தூக்கும்போது அவள் வாயில் ஒரு வாடை வந்தது, அழுகின பழம் மாதிரி இனிப்பாக. இப்போதும் பலாப்பழம் பார்த்தால் எனக்கு அதுதான்.

இங்கே கொண்டுவந்தோம். ரத்தத்தில் ஏதோ உப்பு குறைந்து இதயம் நின்றுவிடுகிற நிலை என்றார்கள். மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊட்டம் ஏற்ற வேண்டும், காய்ந்த உடம்புக்கு ஒரேயடியாகக் கொடுத்தாலும் ஆபத்தாம். பட்டினி கிடக்கிற மூளைக்கு மாத்திரையும் ஏறாது, பேச்சும் ஏறாது, முதலில் சோறு, சோற்றோடு சேர்த்தே மற்றதெல்லாம் என்றார் பெரிய டாக்டர். பதினைந்து நாள் கழித்துத்தான் பெனடிக்டா மேடம் பேச ஆரம்பித்தார். அப்போதுதான் மோகனா வாயைத் திறந்தாள். என்ன சொன்னாள் தெரியுமா? நான் பொய்ச் சத்தியம் பண்ணினது அவள் சாப்பிட வேண்டும் என்பதற்காக. அதனால் அவள் சாப்பிட்ட ஒவ்வொரு வாயும் தன்ஷுவைத் தொடுகிறது. அவள் சாப்பிடாமல் இருந்தால் தன்ஷு பிழைப்பாள். நான்கு நாள் பட்டினி கிடந்தாள், நான்காம் நாள் தன்ஷுவுக்குக் காய்ச்சல் விட்டது. கணக்குச் சரியாகிவிட்டதே அவளுக்கு!

என்னைக் கூப்பிட்டு விசாரித்தார் மேடம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு மாதம் நெய் கொடுத்தேன் என்றேன். பாராட்டுவார் என்றுதான் நினைத்தேன். உள்ளதைச் சொல்கிறேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"கோகிலவாணி, நீங்க மோகனாவுக்குச் சமைக்கலை. அவ நோய்க்குச் சமைச்சுப் போட்டிருக்கீங்க. அது ஒவ்வொரு தடவையும் சத்தியம் கேட்டுச்சு, நீங்க குடுத்தீங்க. அதுக்கு நல்லா பசி எடுத்துப் போச்சு."

எனக்கு வந்ததே கோபம்! யாருக்கு யார் சமைத்தது? அவர் வந்து அந்த முட்டை அட்டையைக் கழுவினாரா? விழுந்து கிடந்தவளின் ஈரத்துணியை மாற்றினாரா? வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். என் வீட்டுக்காரர்தான், "உம் பொல்லாப்பைத் தூக்கிக் கடாசிட்டு அவங்க சொல்றதைக் கேளுடி" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

அப்புறம் ஏணி. உங்க பொண்ணுக்கும் எழுதச் சொல்வார் பாருங்க. எது எது அருவருப்பு, எவ்வளவு, நூறுக்கு மார்க் போட வேண்டும். கதவுக் கைப்பிடி இருபது. அடுத்தவர் குடித்த டம்ளர் நாற்பது. எண்ணெய் பட்ட கரண்டி அறுபது. மேலே நூறில் என்ன எழுதியிருந்தாள் என்றால், நெய் விட்ட சோறு, வேகவைத்த முட்டை, அண்ணி சத்தியம் பண்ணாமல். ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். ஏறிவிட்டுக் கழுவக் கூடாது, கேட்கக் கூடாது. கேட்டாலும் நாங்கள் பதில் சொல்லக் கூடாது. எடை பார்க்கும்போது கூட அவளை முதுகு காட்டி நிற்க வைப்பார்கள், எண் சொல்ல மாட்டார்கள்.

எனக்குக் கொடுத்த வேலைதான் பெரிய கொடுமை. "இதில நெய் இருக்கா அண்ணி" என்று கேட்டால் "தெரியாது" என்று சொல்ல வேண்டுமாம். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்." சரி, சொன்னேன். வாய் கூசினாலும் சொன்னேன். "பாத்திரம் சுத்தமா?" "தெரியாது." "இதைத் தின்னா தன்ஷுக்கு ஏதாவது ஆகுமா அண்ணி?" அதற்கும் "தெரியாது, ஆகலாம், ஆகாமலும் போகலாம்" என்று சொல்லவேண்டும் என்றார் மேடம். என்ன பேச்சு அக்கா இது? பெற்ற வாயால் அதைச் சொல்லலாமா? அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் இருமினேன். தண்ணீர் குடிக்கப் போனேன். ஒரு தடவை மேடம் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மோகனாவைப் பார்த்து லேசாகக் கண்ணடித்தேன், ஒன்றும் ஆகாது என்று. அவள் டக்கென்று சாப்பிட்டாள். நல்லதுதானே? அட்டையில் டிக் விழுந்தது. வாரா வாரம் டிக் விழுந்தது. ஆனால் எடை நகரவில்லை, நான் கண்ணடிக்காத வேளையில் அவள் தின்றால்தானே. ஏன் நகரவில்லை என்று மேடம் மண்டையை உடைத்துக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

போன மாதம் இன்னொரு தடவை குழாய் போட வேண்டி வரும் போலிருக்கிறது என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டாம் தடவை தாங்குவது கஷ்டம் என்று வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ஆண்பிள்ளை, வீட்டுக்காரர் வந்து இந்த பெஞ்சில் உட்கார்ந்து அழுதார்.

அதற்கு மறுநாள்தான் நூறாவது படி. சின்ன அறை, ஒரு மேசை, நான், மேடம், அவள். தட்டில் நெய்ச்சோறு, பாதியாக வெட்டின முட்டை. மேடம் அவளிடம் கேட்டார், "இன்னிக்கு அண்ணி முகத்தைப் பார்க்காம சாப்பிட முடியுமா மோகனா?" அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவள் போட்டுக்கொடுத்துவிட்டாள். என் கண்ணடிப்பை எல்லாம் சொல்லிவிட்டாள். அவளுக்காகத்தானே செய்தேன்! நன்றிகெட்ட கழுதை.

அவள் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். முட்டையைக் கையில் எடுத்தாள். மஞ்சள் கரு பொடிப்பொடியாக உதிர்ந்தது. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே, கணக்குப் பாடம் ஒப்பிக்கிற மாதிரி, மெதுவாகச் சொன்னாள்.

"நான் இதைத் தின்னா தன்ஷு செத்துப் போகலாம். போகாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. நான் திங்கறேன்."

என் கை எப்போது நீண்டது என்றே எனக்குத் தெரியாது. ஓங்கி ஒரு அடி. அவள் கையில். முட்டை பறந்துபோய் மேசைக் காலடியில் விழுந்தது. "எம்புள்ளைய ஏன்டி சாகச் சொல்ற? உன் வாயில புத்து வைக்க!" என்று கத்திவிட்டேன்.

நீங்களே சொல்லுங்க, எந்தத் தாய் சும்மா இருப்பாள்?

மேடம் என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். எட்டு மாதம் பட்ட பாடு எல்லாம் தரையில் கிடந்தது. அவள் இனி எழுந்து போய்விடுவாள், கையைக் கழுவப் போவாள், வாயை மூடிக்கொள்வாள், திரும்பக் குழாய்தான்.

மோகனா எழுந்தாள். குழாயடிக்குப் போகவில்லை. குனிந்து மேசைக்கு அடியில் கையை விட்டு அந்த முட்டையை எடுத்தாள். ஆஸ்பத்திரித் தரை அக்கா! எத்தனை பேர் செருப்பு நடந்த தரை. முட்டையில் ஒரு முடி ஒட்டியிருந்தது, யாருடைய முடியோ, நரைத்த முடி.

"அது வேண்டாம் மோகனா, வேற முட்டை இருக்கு" என்று மேடமே பதறிவிட்டார்.

"இருக்கட்டுங்க மேடம். இது அழுக்குன்னு தெரியும். இதுக்கு யாரும் சத்தியம் பண்ண வேண்டியதில்லை."

முடியை மட்டும் எடுத்துப் போட்டாள். வாயில் வைத்தாள். மென்றாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், தொண்டைக் குழி ஏறி இறங்கினது. விழுங்கினாள். அப்புறம் நெய்ச்சோறு. ஒரு கவளம், இரண்டு கவளம். அழுதுகொண்டே, மூக்குச்சளி மேலுதட்டில் வழிய வழிய, துடைக்காமல், தட்டு முழுக்க.

நான் அந்த மூலையில் இருந்த குப்பைக் கூடையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். செத்த கோழியைத் தூக்குகிற நான். காலையில் தின்ற வடை முழுசும் வந்தது. மேடம் ஒரு கையால் என் தலையைப் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்குப் பிறகு எடை ஏறுகிறது. எவ்வளவு என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் வளையல் முழங்கை வரைக்கும் போகிறது இல்லை இப்போது. சரியாகிவிட்டதா என்று கேட்டால் இல்லை. நேற்றுக்கூட ஒரு தோசையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆனால் தின்றாள். என்னிடம் எதுவும் கேட்பதில்லை. எனக்குத்தான் ஒரு மாதிரி வெறுமையாக இருக்கிறது, கேட்கிற ஆள் இல்லாமல்.

மேடம் சரியான ஆள்தான், உங்க பொண்ணையும் சரிப்படுத்திவிடுவார். என் விஷயத்தில்தான் அவருக்குப் புத்தி தடுமாறிவிட்டது. மோகனா உப்பு மிளகாய்க் கதையையும் சொல்லி வைத்திருக்கிறாள். இருபத்தொரு சுற்று, கணக்கு மறந்தால் முதலில் இருந்து, எல்லாம். மேடம் என் பேரில் ஒரு சீட்டுப் போட்டுவிட்டார். ஆமாம், இந்த இருபத்தாறாம் டோக்கன் என் பேரில்தான். அவள் நோய் தொடர்பாக வீட்டாளைப் பார்க்க வேண்டுமாம், அதற்காகப் போட்டது. நோய் இல்லை.

எனக்கு வீட்டுப்பாடமும் கொடுத்திருக்கிறார். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு இப்போதுதான். ஒரு நாள் உப்பு சுற்றாமல் இருந்துவிட்டு, ஒரு வரியைப் பத்துத் தடவை எழுதிக்கொண்டு வரவேண்டும். "என் மகள் தன்ஷிகாவுக்கு நாளை காய்ச்சல் வரலாம், வராமலும் இருக்கலாம், எனக்குத் தெரியாது." சாவு கூட இல்லை, காய்ச்சல்தான். பெரிய விஷயமா? நோட்டைத் திறந்து உட்கார்ந்தேன். "என் மகள்" வரைக்கும் எழுதினேன். பேனா நின்றுவிட்டது. பேனாவில்தான் கோளாறு என்று நினைத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளை பேரைப் போட்டு எழுதிப் பார்த்தேன். சரளமாக ஓடினது. பத்துத் தடவையும் மணி மணியாக. அதை மேடத்திடம் காட்ட முடியுமா? கிழித்துப் போட்டேன்.

வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். "உனக்கென்ன பைத்தியமா" என்று போய்விட்டார். அத்தைக்கு எழுத வராது. மோகனா கையெழுத்து மேடத்துக்குத் தெரியும்.

இருபத்தைந்து கூப்பிட்டாச்சு. அக்கா, ஒரு உதவி பண்ணுங்க. இந்தாங்க நோட்டு, இந்தாங்க பேனா. உங்க கையெழுத்து என் எழுத்து மாதிரித்தான் உருண்டையாக இருக்கும், நீங்க சீட்டில் பெயர் எழுதும்போது பார்த்தேன். பத்துத் தடவை வேண்டாம், ஐந்து போதும். உங்களுக்கு அவள் யாரோ பிள்ளைதானே, கை சரளமாக ஓடும். தன்ஷிகா, இரண்டு சுழி ன, பக்கத்தில் ஷி போட்டு.

எழுதுங்க. என் முகத்தை ஏன் பார்க்கிறீங்க? உங்க பொண்ணு பெயரா எழுதச் சொல்கிறேன்?

அக்கா, பேனாவை ஏன் மூடுறீங்க?